கிட் பீருக்கு ஓஜி: மீட்டரைவிட டின்னை நம்புங்கள்

மெல்பர்னில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, பொங்கலுக்கு நங்கநல்லூர் வீட்டுக்கு வந்திருக்கிறார். விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அங்கே தன் ஃபிளாட்டில் முதல்முறையாக, வீட்டிலேயே பீர் போடுவதற்கென்று விற்கும் ஒரு கூப்பர்ஸ் கிட் கலந்து வைத்துவிட்டு வந்தாராம். மால்ட் பாகு (முளைகட்டிய பார்லியிலிருந்து இறக்கிய சர்க்கரைப் பாகு) அடைத்த 1.7 கிலோ டின் ஒன்று, டெக்ஸ்ட்ரோஸ் என்கிற குளுக்கோஸ் சர்க்கரை 1 கிலோ, தண்ணீர் ஊற்றி மொத்தம் 23 லிட்டர். ஈஸ்ட் போடும் முன் மேலாக ஒரு டம்ளர் மொண்டு, திரவத்தின் கனத்தை மிதந்து காட்டும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தால் 1.026. சந்தேகப்பட்டுக் கீழே குழாயைத் திறந்து பிடித்துப் பார்த்தால் 1.051. குழம்பிப்போய் ஈஸ்ட்டைப் போட்டு மூடிவிட்டுக் கிளம்பிவிட்டார். இப்போது அங்கே இருக்கும் ரூம்மேட் ஏழாம் நாள் எடுத்து அனுப்பிய படத்தில் 1.014. அவர் கேட்பவை: இரண்டில் எது என் ஓஜி (ஒரிஜினல் கிராவிட்டி, அதாவது நொதிக்கும் முன் இருந்த கனம்)? 1.026தான் என்றால் இன்னும் அரைக் கிலோ சர்க்கரை போடச் சொல்லட்டுமா? பாட்டிலில் அடைக்கலாமா? அப்பா இன்வர்ட்டர் பேட்டரிக்கு வைத்திருக்கும் ஹைட்ரோமீட்டரில் இங்கே பழகிப் பார்க்கலாமா? அடுத்த தடவை ஒரு டின் கொண்டுவந்து சென்னையிலேயே போட்டுப் பார்க்கலாமா?

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஓஜி 1.037. நீங்கள் பார்த்த இரண்டு எண்ணும் அது இல்லை. சர்க்கரை எதுவும் போட வேண்டாம். பாட்டிலில் இப்போது அடைக்கவே கூடாது. இந்தக் கடைசி விஷயத்தை ரூம்மேட்டுக்கு உடனே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், அப்புறம் மீதியைப் படிக்கலாம்.

பீர் நொதிக்கும் பாத்திரமான ஃபெர்மென்ட்டரைப் பார்க்காமலேயே 1.037 என்று எப்படிச் சொல்கிறேன்? நீங்கள் உள்ளே போட்டது என்னவென்று சொல்லிவிட்டீர்கள், அது போதும். ஓஜி என்பது ஈஸ்ட் வேலையைத் தொடங்கும் முன் அந்தக் கரைசல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண். தண்ணீர் 1.000. அதில் கரைந்த சர்க்கரை கூடக் கூட எண்ணும் ஏறும். 1.037 என்பதைப் பேச்சில் 37 புள்ளி என்போம். ஒவ்வொரு பொருளும் எத்தனை புள்ளி கொடுக்கும் என்பது தெரிந்த கணக்கு. ஒரு கிலோவைக் கரைத்து ஒரு லிட்டர் ஆக்கினால் எவ்வளவு வரும் என்று வைத்துக்கொண்டு சொல்வது வழக்கம்: மளிகைக்கடைச் சர்க்கரை 384, ப்ரூயிங்குக்கு விற்கும் டெக்ஸ்ட்ரோஸ் சுமார் 350, டின்னில் வரும் மால்ட் பாகு சுமார் 300, மால்ட் பவுடர் சுமார் 367. பாகில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், அதனால்தான் பவுடரைவிடக் குறைச்சல்.

இனி உங்கள் டின். 1.7-ஐ 300-ஆல் பெருக்கினால் 510. டெக்ஸ்ட்ரோஸ் 350. கூட்டினால் 860. அதை 23 லிட்டருக்குப் பங்கு போட்டால் 37.4. அவ்வளவுதான், 1.037. டெக்ஸ்ட்ரோஸுக்குப் பதில் வீட்டுச் சர்க்கரை போட்டிருந்தால் 1.039. மால்ட் பவுடர் போட்டிருந்தால் 1.038. ஒன்றுமே சேர்க்காமல் டின்னை மட்டும் கரைத்திருந்தால் 1.022. டின்னுக்கு டின் ஒரு புள்ளி இப்படி அப்படி இருக்கலாம், அதற்கு மேல் இருக்காது. டின்னில் பாதியை வழிக்காமல் விட்டிருந்தாலோ, டெக்ஸ்ட்ரோஸ் பையைப் போட மறந்திருந்தாலோ, 23 லிட்டர் என்ற அளவே தப்பாக இருந்தாலோதான் இந்தக் கணக்கு தப்பும்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகக் கிட் போடுகிற அநேகம் பேர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஓஜியை அளக்கும் பழக்கம் தானியத்திலிருந்து பீர் காய்ச்சுகிறவர்களுடையது. பார்லி மால்ட்டை உடைத்து, சூடான நீரில் ஊறவைத்து, அதிலிருந்து சர்க்கரையை இறக்கும்போது எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அரைத்த பதம், நீரின் சூடு, ஊறிய நேரம், வடித்த விதம் என்று எத்தனையோ காரணம். ஒருவருக்கு 70 சதவீதம் இறங்கும், இன்னொருவருக்கு 80. அவர்களுக்கு ஓஜி என்பது பரீட்சை முடிவு மாதிரி, பார்த்தால்தான் தெரியும். வரிக்காரர்களுக்கும் அது தேவைப்பட்டது. பிரிட்டனில் 1880-இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் மீதான வரியை எடுத்துவிட்டு, காய்ச்சிய கரைசலின் ஓஜியைப் பார்த்து பீருக்கு வரி போடும் முறையைக் கொண்டுவந்தார். 1993-இல் ஆல்கஹால் அளவை வைத்து வரி என்று மாறும் வரை நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே நடந்தது. ஹைட்ரோமீட்டரும் ஓஜியும் பீர் உலகத்தில் இத்தனை ஆழமாக வேரோடியிருப்பதில் அந்த வரிக்கும் பங்கு உண்டு.

உங்களுடையது போல மால்ட் பாகாக வரும் எக்ஸ்ட்ராக்ட் கிட்டில் அந்தப் பரீட்சையை மால்ட் தொழிற்சாலைக்காரர் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டார். சர்க்கரையை இறக்கி, நீரைச் சுண்டவைத்து, எடை போட்டு டின்னில் அடைத்துக் கொடுத்துவிட்டார். நீங்கள் செய்வது நீர் சேர்ப்பது மட்டும். உள்ளே போன சர்க்கரை எங்கேயும் ஓடிப்போகாது. ஆக, கணக்கு 37 என்று சொல்லி மீட்டர் 26 என்று காட்டினால், சந்தேகப்பட வேண்டியது மீட்டரை, அல்லது மீட்டருக்குக் கொடுத்த டம்ளரை.

உங்கள் விஷயத்தில் டம்ளர்தான். பாகு கனம், தண்ணீர் லேசு. டின்னை இரண்டு லிட்டர் சுடுநீரில் கரைத்து ஃபெர்மென்ட்டரில் விட்டு, மேலே 19 லிட்டர் போல குளிர்ந்த நீரை ஊற்றி, நீளக் கரண்டியால் நாலு சுற்று சுற்றினால் கலந்துவிட்ட மாதிரிதான் தெரியும். நிறம்கூட ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அடியில் கெட்டியான படலம் அப்படியே படுத்திருக்கும். மேலே மொண்டால் குறைச்சல் காட்டும், கீழே குழாயில் பிடித்தால் கூடுதல் காட்டும். மேல் 26, கீழ் 51, இரண்டுக்கும் நடுவில் கணக்கு சொன்ன 37. மேலும் கீழும் கூட்டிச் சராசரி எடுக்கலாமே என்று தோன்றும், அதுவும் வேண்டாம். எந்தப் படலம் எத்தனை லிட்டர் என்று நமக்குத் தெரியாது.

பீர் கெட்டுப்போய்விட்டதோ என்று கவலை வேண்டாம். ஈஸ்ட் வேலையைத் தொடங்கினதும் கிளம்புகிற கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் அடியிலிருந்து மேல் வரை நன்றாகக் கிளறிவிடும். இரண்டாம் நாளே எல்லாம் ஒன்றாகியிருக்கும். சர்க்கரையை மட்டும் நல்லவேளையாகப் போடவில்லை. அரைக் கிலோ போட்டிருந்தால் எட்டு புள்ளி ஏறி 1.045 ஆகியிருக்கும். ஆல்கஹால் ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும், உடம்பு இல்லாத நீர்த்த பீராகிவிடும்.

இதைக் கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். நங்கநல்லூர் வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கலாம், ஈஸ்ட் இல்லாத வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான். உயரமான கண்ணாடி ஜாடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும், மீட்டர் இடிக்காமல் மிதக்க வேண்டும். 100 கிராம் சர்க்கரையை 200 மில்லி சுடுநீரில் கரைத்து நன்றாக ஆறவிட்டு ஜாடியில் ஊற்றுங்கள். ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் பட்டு வழிகிற மாதிரி மெதுவாகத் தண்ணீரை ஒரு லிட்டர் கோடு வரை விடுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பார்த்தால் அடியில் ஒரு கோடு தெரியும், வெயிலில் சூடான தார் ரோட்டின் மேல் காற்று நெளிவதுபோல அந்தக் கோட்டருகே நெளியும். இப்போது மீட்டரை மெதுவாக விட்டால் தண்ணீரில் விட்ட மாதிரியேதான் முழுகும். ஒரு லிட்டரில் 100 கிராம் சர்க்கரை இருக்கிறது, மீட்டருக்குத் தெரியவில்லை. பிறகு நீளக் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்குங்கள். நெளிவு மறையும் வரை கலக்க வேண்டும், நினைப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும். மறுபடி மீட்டரை விட்டால் தண்டு மேலே எழும்பி நிற்கும். கணக்குப்படி 1.038 வர வேண்டும். சென்னையில் நீங்கள் பார்க்கப்போவது 1.036-ஐ ஒட்டித்தான்.

அந்த இரண்டு புள்ளி எங்கே போயிற்று என்றால், சூட்டுக்குப் போயிற்று. ஹைட்ரோமீட்டர் ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்குச் செய்யப்பட்டது. உள்ளே இருக்கும் காகிதத்தில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அநேகமாக 20 டிகிரி செல்சியஸ், சிலவற்றில் 60 ஃபாரன்ஹீட், அதாவது 15.5 செல்சியஸ். திரவம் சூடானால் விரியும், லேசாகும், மீட்டர் கூடுதலாக முழுகும், எண் குறையும். 20 டிகிரி மீட்டர் என்றால் திரவம் 25-இல் இருக்கும்போது ஒரு புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள், 30-இல் இரண்டரை, 35-இல் நாலு, 40-இல் ஆறு. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே முப்பதை ஒட்டித்தான் இருக்கும், மே மாதம் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து மதியத்தில் வருவதைச் சொல்லவே வேண்டாம். சரி, 60 டிகிரியில் இருக்கும் கரைசலை அளந்து 15 புள்ளி கூட்டிக்கொள்ளலாமே என்று கேட்டால், கணக்கு சரிதான், ஆனால் செய்யாதீர்கள். அந்தச் சூட்டில் தெர்மாமீட்டர் இரண்டு டிகிரி பிசகினாலே ஒரு புள்ளி போய்விடும், மீட்டரின் கண்ணாடியும் விரிசல் விடலாம். ஆறவைத்து அளப்பதுதான் முறை.

மீட்டரை முதலில் வெறும் தண்ணீரில் விட்டுச் சரிபார்க்கச் சொல்வார்கள், அவசியம் செய்யுங்கள். உள்ளே சுருட்டி வைத்திருக்கும் காகிதம் நழுவியிருந்தால் எல்லா எண்ணும் ஒரே அளவு தப்பாகக் காட்டும். 20 டிகிரித் தண்ணீரில் 1.000 காட்ட வேண்டும், சென்னையின் 30 டிகிரியில் அதற்கு இரண்டரை புள்ளி கீழே நிற்க வேண்டும், அதாவது 0.9975. இங்கே போர்த் தண்ணீரில் மட்டும் பார்க்காதீர்கள். நம் பகுதிகள் பலவற்றில் போர்த் தண்ணீர் உப்பு, லிட்டரில் ஒன்றரை, இரண்டு கிராம் உப்பு கரைந்திருந்தாலே ஒரு புள்ளிக்கு மேல் ஏறிவிடும். மீட்டர் சரியாக இருந்தும் தப்பு என்று முடிவு கட்டிவிடுவீர்கள். கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ போதும்.

அளவு கோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஃபெர்மென்ட்டரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் லிட்டர் கோடுகளை அப்படியே நம்ப வேண்டாம். 23 என்று நினைத்தது 25 ஆக இருந்தால் உங்கள் 37 புள்ளி 34 ஆகிவிடும், 21 ஆக இருந்தால் 41. சொல்லப்போனால், நன்றாகக் கலக்கியும் எண் ஒத்துவரவில்லை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தக் கோட்டைத்தான். திரும்பிப் போனதும் அளவு தெரிந்த பாட்டிலால் ஒருமுறை ஊற்றிப் பார்த்து, உங்கள் கையால் 23-க்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இனி எண்ணைப் படிப்பது. வீட்டில் பீர் போடுவோருக்கு விற்கும் மீட்டரில் பெரும்பாலும் மூன்று அளவுகள் சேர்ந்து இருக்கும்: கிராவிட்டி (நாம் பேசும் கனம்), பிரிக்ஸ் (சர்க்கரைச் சதவீதம்), வரக்கூடிய ஆல்கஹால். முதலாவதை மட்டும் பாருங்கள். அதிலும் இடம் பற்றாமல் 1.010 என்பதை வெறும் 10 என்றும், 1.020 என்பதை 20 என்றும் அச்சிட்டிருப்பார்கள், நடுவில் இருக்கும் சின்னக் கோடு ஒவ்வொன்றும் பெரும்பாலும் இரண்டு புள்ளி. 1.004-ஐ 1.040 என்று படித்துவிட்டு நொதிக்கவே இல்லை என்று பதறுகிறவர்கள் உண்டு. ரூம்மேட்டிடம் எண்ணைக் கேட்காமல் படத்தைக் கேட்டு வாங்கினீர்கள் பாருங்கள், அது நல்ல காரியம். கண் மட்டத்துக்கு நேராக வைத்து, திரவம் தண்டைத் தொடும் இடத்தில் மேலே வளைந்து ஏறுவதை விட்டுவிட்டு, தட்டையான மட்டத்தைப் படிக்க வேண்டும். மீட்டர் ஜாடியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளக் கூடாது.

அந்தப் படத்தில் எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. மீட்டரின் குண்டு முழுக்கக் குமிழி முத்து முத்தாக ஒட்டியிருக்கிறது. நொதித்துக்கொண்டிருக்கும் பீரில் வாயு நிறையக் கரைந்திருக்கும், குமிழி ஒட்டினால் மீட்டரைத் தூக்கிப் பிடிக்கும், எண் ஓரிரு புள்ளி அதிகமாகத் தெரியும். எடுத்த பீரை இரண்டு டம்ளருக்குள் மாற்றி மாற்றி, ஃபில்டர் காபி ஆற்றுவதைப்போல உயரத் தூக்கி ஆற்றச் சொல்லுங்கள். நுரை அடங்கியதும் ஜாடியில் விட்டு, மீட்டரை விரலால் ஒரு சுழற்று சுழற்றி விட்டால் மிச்சக் குமிழியும் உதிர்ந்துவிடும். அளந்து முடித்ததைத் திரும்ப ஃபெர்மென்ட்டரில் ஊற்றவே கூடாது, எவ்வளவு சுத்தமாக இருந்தாலும். குடித்துப் பார்க்கட்டும். இனிப்பு நாக்கில் தெரிகிறதா என்பதும் ஒரு தகவல்தான்.

இப்போது 1.014-க்கு வருகிறேன், எனக்கு அதிகக் கவலை கொடுப்பது அதுதான். குமிழிக்கு ஒரு புள்ளி குறைத்து, மெல்பர்னின் ஜனவரிச் சூட்டுக்கு ஒரு புள்ளி கூட்டினாலும் 1.014 அப்படியேதான் இருக்கும். உங்கள் கிட் அங்கே நிற்கக் கூடாது. டெக்ஸ்ட்ரோஸை ஈஸ்ட் மிச்சமில்லாமல் தின்றுவிடும், மால்ட்டில்தான் அதனால் தின்ன முடியாத சர்க்கரை கொஞ்சம் தங்கும். இந்தக் கலவைக்கு ஆரம்பப் புள்ளிகளில் முக்கால் பங்குக்கு மேல் இறங்கி 1.008 வாக்கில் நிற்பதுதான் இயல்பு. 1.006 ஆனாலும் ஆச்சரியமில்லை. ஆக இன்னும் ஆறு புள்ளி போல பாக்கி.

ஆறு புள்ளிதானே என்று அடைத்தால் என்ன ஆகும் பாருங்கள். மீட்டரில் ஒரு புள்ளி இறங்க லிட்டருக்கு 2 கிராம் சர்க்கரை போல நொதிக்க வேண்டும். ஆறு புள்ளிக்கு 12 கிராம். பாட்டிலில் நுரை வருவதற்காக நாம் வேண்டுமென்றே போடும் சர்க்கரை லிட்டருக்கு 6 முதல் 8 கிராம்தான். பாட்டிலுக்குள் ஈஸ்ட் அந்த இரண்டையும் சேர்த்துத் தின்னும், வாயு வெளியே போக வழி இல்லை. கண்ணாடி பாட்டில் தாங்க வேண்டியதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தம் ஏறும். அது வெடித்தால் வெறும் பீர் சிந்துவதோடு போகாது, கண்ணாடிச் சில்லு சுவரில் குத்தி நிற்கும். அலமாரியைத் திறக்கிற நேரத்தில் வெடித்தால் முகம்தான் எதிரே இருக்கும். வீட்டில் பீர் போடுவதில் உண்மையான ஆபத்து என்று ஒன்று இருந்தால் இதுதான்.

நாள் கணக்கை வைத்தும் அடைக்காதீர்கள், மூடியில் வாயு வெளியேறும் இடத்தில் குமிழி நின்றுவிட்டது என்பதை வைத்தும் அடைக்காதீர்கள். மூடி சரியாக இறுகாவிட்டால் குமிழியே வராது. ஒரே எண், குறைந்தது ஒரு நாள் இடைவெளியில், கூடுமானால் இரண்டு நாள் இடைவெளியில், இரண்டு முறை வர வேண்டும், அந்த எண் எதிர்பார்த்த இடத்துக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனையும் சேர்ந்தால்தான் முடிந்தது என்று பொருள். ஓஜிக்கு மீட்டர் தேவையே இல்லை என்கிற நான், இந்தக் கடைசி எண்ணுக்கு மீட்டர் இல்லாமல் ஒரு பாட்டிலைக்கூட மூடமாட்டேன். கிட் வாங்குகிறவர்கள் முதல் நாள் பயபக்தியோடு அளந்துவிட்டு, கடைசி நாள் அவசரத்தில் அளக்காமல் அடைப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்காது. செய்ய வேண்டியது அப்படியே தலைகீழ்.

1.014-இலேயே இரண்டு முறை நின்றுவிட்டால்? அப்போதும் அடைக்க வேண்டாம். ஃபெர்மென்ட்டரை இப்படி அப்படி மெதுவாக அசைத்து, அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கொஞ்சம் கிளப்பிவிட்டு, இன்னும் நாலைந்து நாள் விடச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குள் இறங்கிவிடும். இரவில் அறை ரொம்பக் குளிர்ந்திருந்தால் ஈஸ்ட் சோம்பியிருக்கும். மெல்பர்னில் ஒரே வாரத்தில் 38 டிகிரியும் வரும், 18 டிகிரியும் வரும், அங்கே இருந்தபோது நானும் அனுபவித்திருக்கிறேன்.

ஆல்கஹால் எவ்வளவு என்று கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். ஓஜியிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்குங்கள். 1.037-இலிருந்து 1.008 போனால் 0.029, பெருக்கினால் 3.8 சதவீதம். பாட்டிலில் போடும் சர்க்கரைக்கு அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடும், ஆக 4.2 வாக்கில். நீங்கள் மேலாக மொண்ட 1.026-ஐ வைத்திருந்தால் 2.4 என்று வரும், கீழே பிடித்த 1.051-ஐ வைத்திருந்தால் 5.6. ஒரே பீர்தான். ஓட்டுவதற்கு முன் எத்தனை குடிக்கலாம் என்று கணக்குப் போடும் ஊரில் இருக்கிறீர்கள், அதனால் பாட்டிலில் ஒட்டும் சீட்டில் சரியான எண்ணை எழுதுங்கள்.

ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கலாமா என்று தோன்றினால், கிட் போடுகிறவருக்கு அவசியமில்லை. ஒரு சொட்டில் பிரிக்ஸ் காட்டும், நாலால் பெருக்கினால் ஏறக்குறைய கிராவிட்டிப் புள்ளி, பத்து பிரிக்ஸ் என்றால் 1.040. ஆனால் நொதித்த பிறகு ஆல்கஹால் கலந்துவிடுவதால் அது காட்டுவது அதிகமாகிவிடும், திருத்தக் கணக்கு தனியாகப் போட வேண்டும். நமக்கு மீட்டர் மிக அவசியமான அந்தக் கடைசி நாளில்தான் அது நேராகப் பேசாது.

அப்பாவின் பேட்டரி மீட்டர் வேண்டாம். தத்துவம் ஒன்றுதான், ஆனால் அது அளப்பது அமிலத்தை. நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் 1.250-க்கு மேல் இருக்கும், அதற்கேற்றபடி அதன் அளவு பெரும்பாலும் 1.100-இல்தான் ஆரம்பிக்கும். உங்கள் 1.037 அதில் இல்லவே இல்லை. அதைவிட முக்கியம், அமிலம் பட்ட குழாயை வாயில் வைக்கும் எதற்குள்ளும் விடக் கூடாது. பால்காரரின் லாக்டோமீட்டரும் சரிவராது, பாலின் குறுகிய எல்லைக்குள்தான் அதன் கோடுகள் இருக்கும், ஓஜி தாண்டினாலும் தாண்டும், கடைசி எண் நிச்சயம் கீழே விழும். பாரிமுனைப் பக்கம் ஆய்வகக் கண்ணாடிப் பொருள் விற்கும் கடைகளில் 1.000 முதல் 1.100 வரை அளக்கும் ஹைட்ரோமீட்டர் கேளுங்கள். வாங்கும்போது எந்த வெப்பத்துக்குச் செய்தது என்று காகிதத்தில் படித்துவிட்டு வாங்குங்கள். இந்தியத் தரத்தில் வரும் ஆய்வகக் கண்ணாடிகள் பல 27 டிகிரிக்குச் செய்யப்பட்டவை. 27 என்று போட்டிருந்தால் மேலே நான் சொன்ன திருத்தம் எல்லாம் மாறும். சென்னை அறையில் திருத்தமே அநேகமாகத் தேவைப்படாது, அதையே மெல்பர்னுக்கு எடுத்துப்போய் 20 டிகிரியில் அளந்தால் ஒன்றரைப் புள்ளிக்கு மேல் கூடுதலாகக் காட்டும், கழித்துக்கொள்ள வேண்டும்.

டின்னை இங்கே கொண்டுவந்து போடுவது பற்றி: கூடாது. மெல்பர்னில் சொந்த உபயோகத்துக்கு பீர் போடுவதற்கு அனுமதி உண்டு, அங்கே சூப்பர்மார்க்கெட்டிலேயே டின் கிடைக்கிறது. இங்கே 1937-இல் வந்த மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. டாஸ்மாக் கடை தெருவுக்குத் தெரு இருப்பதால் சட்டம் தளர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், நாலு பாட்டில் வீட்டுக்கு மட்டும் என்றாலும் குற்றம்தான். பெற்றோர் இருக்கும் வீட்டுக்கு அந்தத் தலைவலி வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரும் மீட்டரும் வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் பழகுங்கள், ஈஸ்ட் பாக்கெட் மெல்பர்னிலேயே இருக்கட்டும்.

அடுத்த டின்னுக்குக் கலக்கும் முறையை மாற்றிக்கொண்டால் இந்தக் குழப்பமே வராது. டின்னைத் திறக்கும் முன் பத்து நிமிஷம் சுடுநீரில் நிறுத்தி வையுங்கள், பாகு இளகிச் சுலபமாக இறங்கும். டெக்ஸ்ட்ரோஸையும் பாகையும் இரண்டு லிட்டர் சுடுநீரில் முழுசாகக் கரையுங்கள், டின்னையும் சுடுநீர் விட்டு அலசி ஊற்றுங்கள், சுவரில் ஒட்டிய பாகு ஒரு புள்ளிக்குச் சமம். அப்புறம் குளிர்ந்த நீரைக் கவிழ்த்து மெதுவாக விடாமல், நுரை வரும்படி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். அந்த நேரத்தில் காற்றுப் பட்டால் ஈஸ்ட்டுக்கு நல்லதுதான், நொதித்து முடிந்த பிறகுதான் காற்று ஆகாது. சுத்தம் செய்த நீளக் கரண்டியை அடிவரை விட்டு, அடியிலிருந்து மேலே அள்ளுகிற மாதிரி இரண்டு மூன்று நிமிஷம் கிளறுங்கள். குழாயில் தங்கியிருக்கும் கெட்டிக் கரைசலைக் கொஞ்சம் பிடித்துத் திரும்ப உள்ளே ஊற்றிவிட்டு, மறுபடி கிளறி, பிறகு அளக்க எடுங்கள். எண் கணக்கோடு இரண்டு புள்ளிக்குள் ஒத்துப்போனால் கணக்கையே எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு ரூம்மேட்டுக்கு அனுப்ப வேண்டியது இவ்வளவுதான்: இன்னும் மூன்று நாள் தொடாமல் விடவும், பிறகு ஆற்றிய பீரில் கண் மட்டத்தில் ஒரு படம், இரண்டு நாள் கழித்து இன்னொரு படம், பக்கத்தில் தெர்மாமீட்டரும் தெரிகிற மாதிரி. இரண்டிலும் ஒரே எண், 1.010 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைக்கலாம். அதற்குள் நீங்களே திரும்பிப் போய்விடுவீர்கள் என்றால் இன்னும் நல்லது. மூடிய ஃபெர்மென்ட்டரில் ஒரு வாரம் கூடுதலாக இருந்தால் பீருக்கு ஒன்றும் ஆகாது.